முருகம்மாள் செதுக்காமல் விட்ட செடிகள்

முருகம்மாளுக்குச் செடிகளோடு பேசும் பழக்கம் உண்டு. பேச்சு என்றதும் பூவைத் தடவிக் கொஞ்சுகிற பேச்சு என்று நினைத்துவிடக் கூடாது. முழுக்க முழுக்கத் திட்டுதான்.

"ஏலே கோரை, செவ்வாக்கெளமதான ஒன்னையத் தோண்டி எறிஞ்சேன். வெள்ளிக்கெளமைக்குள்ள தலையத் தூக்கிட்டு நிக்க. ஒனக்கு வெக்கம் மானம் ஏதாச்சும் இருக்கா?"

கோரைக்கு வெட்கமும் கிடையாது, மானமும் கிடையாது. அதற்கு மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் கிழங்கு இருக்கிறது. மேலே இருப்பதைப் பிடுங்கினால் கீழே இருப்பது சிரித்துக்கொள்ளும். ஒரு கிழங்கைத் தோண்டினால் நூல் போன்ற வேரில் இன்னொரு கிழங்கு, அதற்கப்புறம் இன்னொன்று. பதிமூன்று வருஷமாக முருகம்மாளுக்கும் கோரைக்கும் இந்த வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வந்தபாடில்லை.

ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே, பஸ் ரோட்டை விட்டு விலகி, மானாவாரிக் காட்டுக்கு நடுவே ஒரு பட்டாசுக் கம்பெனி இருக்கிறது. அங்கே புல் செதுக்குவது அவள் வேலை. கம்பெனி என்றால் ஒரே பெரிய கட்டடம் அல்ல. பதினெட்டு ஏக்கரில் சின்னச் சின்னதாக இருபத்திரண்டு ரூம்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பேர், நாலு பேர் உட்கார்ந்து வேலை செய்வார்கள். ஒரு ரூமில் ஏதாவது ஆகிவிட்டால் அடுத்த ரூமாவது தப்ப வேண்டும் என்று நடுவில் நல்ல இடைவெளி விட்டிருக்கும். அந்த இடைவெளியில் காய்ந்த புல் ஒரு கைப்பிடிகூட நிற்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை எழுதினவர்கள் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து ஒரு நாளில் எழுதியிருப்பார்கள். அதை வெயிலில் குனிந்து வருஷம் முழுக்க நடத்திக் காட்டுகிறவள் முருகம்மாள்.

அவள் களைக்கொத்தி பித்தளையில் அடித்தது. இரும்பு கல்லில் பட்டால் பொறி பறக்கும். பக்கத்து ரூமில் ஆட்கள் பட்டாசு மருந்தோடு உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பொறி யாருக்கு வேண்டும்? பித்தளைக்கோ நாலு கொத்துக்கு மேல் முனை மழுங்கிவிடும். கரிசல் இறுகிப்போன மாதங்களில் பாதியைக் கையால்தான் பிடுங்குவாள். அதனால் எந்தச் செடிக்கு வேர் எவ்வளவு ஆழம், எது சுலபமாக வரும், எது உயிரே போனாலும் வராது என்பதெல்லாம் அவள் விரல்களுக்கு மனப்பாடம்.

முதலில் அவளும் ரூமுக்குள்தான் இருந்தாள். புருஷன் ஊர்க்காவலன் மஞ்சள்காமாலையில் போனபோது மகள் ரோஜா பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அதன் பிறகு ஏழு மாதம் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தினாள். அலுமினியப் பவுடர் நெஞ்சில் இறங்கி இழுப்பு வந்துவிட்டது. கம்பெனியை நடத்தும் ஞானசுந்தரியம்மா அவளை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. "வெளிக்காத்துல இரு முருகம்மா. களை எடுக்கத் தெரியும்ல?" என்று கேட்டார். தெரியாமல் என்ன? மிளகாய்த் தோட்டத்திலும் பருத்திக் காட்டிலும் களை எடுத்து வளர்ந்த உடம்பு அது. முதலாளியம்மாவுக்கும் அவளுக்கும் ஒரே வயது. இப்போது இருவருக்கும் ஐம்பத்திரண்டு.

களை எடுக்கத் தெரியும் என்று வந்தவளுக்கு, இங்கே வந்த பிறகுதான் களையைப் பார்க்கத் தெரிந்தது. தோட்டத்தில் பயிர் ஒன்று, களை மற்றதெல்லாம். கணக்கு முடிந்தது. இங்கே பயிரே கிடையாது. எல்லாமே களை. ஆனால் எல்லாம் ஒன்றல்ல.

மழை பெய்து நிலம் நனையக் காத்திருந்து, அவசர அவசரமாக முளைத்து, பூத்து, விதையைக் கொட்டிவிட்டுச் செத்துப்போகிறவை ஒரு வகை. ஊசிப்புல் அப்படித்தான். கோடையைத் தாங்கும் தெம்பு அதற்கில்லை; விதையாகப் படுத்துக் கிடந்து கோடையைக் கடத்திவிடும். தன் காய்ந்த உடம்பை மட்டும் நிலத்தில் நிறுத்திவிட்டுப் போகும். முருகம்மாளுக்குப் பரம விரோதி அதுதான். ஒரு பொறி போதும், தீ ஓடும்.

வேலியோரத்துக் கிளுவை வேறு வகை. மாசி பிறக்கும் முன்பே இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, செத்த குச்சி மாதிரி நிற்கும். புதிதாக வந்த போர்மேன் ராஜபாண்டியன் ஒருமுறை, "காஞ்ச வேலியை ஏன் வச்சிருக்க? வெட்டிப் போடு" என்றான். முருகம்மாள் நகத்தால் பட்டையைச் சுரண்டிக் காட்டினாள். உள்ளே கிளிப்பச்சை. இலை இல்லாவிட்டால் என்ன, அந்தப் பட்டையே இலைக்கு உண்டான வேலையைப் பார்க்கும். தண்ணீர் செலவு மிச்சம். அவன் வேலியை விட்டுவிட்டான்.

எருக்கு தன் இலைமேல் வெள்ளையாய் மாவு பூசிக்கொண்டு வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆடு வாய் வைத்தால் அதன் பால் கசக்கும். வேம்பு இருக்கிறதே, ஊரே வாடிக் கிடக்கும் பங்குனியில்தான் அதற்குப் புதுத்துளிர் விடத் தோன்றும். வேர் எங்கேயோ ஆழத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிற திமிர்.

முருகம்மாளுக்கு ரொம்பப் பிடித்தவை பிரண்டையும் கற்றாழையும். நாலு மழைத்துளி விழுந்தால் தண்டுக்குள்ளும் மடலுக்குள்ளும் வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும். பகலெல்லாம் தோலின் துளைகளை மூடிக்கொண்டு, வெயில் தாழ்ந்து குளிர்ந்த பிறகு திறந்து மூச்சு விடும். மேலே மெழுகு பூசின தோல். ஒரு தடவை, ஊருக்கு வெளியே குப்பை எரிகிற இடத்தில் நெருப்பு நாலு பக்கமும் ஓடிவந்து, ஒரு பிரண்டைப் புதரின் முன்னால் புகைந்து நின்றதை அவள் பார்த்தாள். ஓரத்துக் கணுக்கள் வெந்துபோயின, அவ்வளவுதான். அன்றைக்கு அவள் நெடுநேரம் அங்கேயே நின்றிருந்தாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ரோஜா கம்பெனிக்கு வேலைக்கு வந்தாள். நர்சிங் படிக்கத்தான் ஆசைப்பட்டாள்; இடம் கிடைக்கவில்லை. முருகம்மாள் வேண்டாம் என்று மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். மகளும் சாப்பிடாமல் இருந்தாள். யார் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ரோஜாவைப் பதினோராம் நம்பர் ரூமில் போட்டார்கள், சரத்துக்குத் திரி பின்ன.

அந்த வாரமே முருகம்மாள் முந்தானையில் பிரண்டைத் துண்டுகளைக் கட்டிக்கொண்டு வந்தாள். பதினோராம் நம்பர் ரூமைச் சுற்றி, சுவரை விட்டுப் பத்தடி தள்ளி, வட்டமாக ஊன்றினாள். மேலே படரவிடாமல் தரையோடு ஓட விட்டாள். ஓடைக்கரையில் இருந்து கற்றாழைக் கன்றுகளைப் பெயர்த்து நடுநடுவே வைத்தாள். இரண்டே வருஷத்தில் அது மூன்றடி அகலத்துக்குப் பச்சை வளையமாகிவிட்டது. செதுக்கவே பிறந்தவள் செதுக்காமல் விட்ட இடம் அது ஒன்றுதான். யாராவது கேட்டால், "தொவையலுக்கு ஆகும்லா" என்பாள். பெண்களும் பிரண்டைக் கொழுந்தைக் கிள்ளிப்போய்த் துவையல் அரைத்தார்கள்.

இந்த வருஷம் மாசி நடுவில் மழை ஒன்று பெய்தது. பருவம் தப்பிய மழை. ஊசிப்புல்லுக்கு அது போதாதா? நாலே நாளில் பதினெட்டு ஏக்கரும் பச்சை. முருகம்மாள் விடிந்ததும் குனிந்தாள், பொழுது சாயும்வரை நிமிரவில்லை. மூன்றாம் நாள் உச்சிவெயிலில் பதினாறாம் நம்பர் ரூமுக்குப் பின்னால் கண் இருட்டி விழுந்துவிட்டாள். இழுப்பும் சேர்ந்துகொண்டது. சாத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள், வீட்டில் ஒரு வாரம்.

அவள் படுத்திருந்த நாளில் ரோஜா முதலாளியம்மாவிடம் போனாள். "எங்கம்மாவை அந்த வெயில்ல மட்டும் விடாதீகம்மா. எனக்கு அவங்க ஒரு ஆளுதான்" என்று சொல்லிவிட்டு அழுதிருக்கிறாள். ஞானசுந்தரியம்மா இரக்கமுள்ள மனுஷி. இரக்கத்தோடு சேர்ந்து சுறுசுறுப்பும் உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ரூம்கள் பூட்டியிருந்தபோது, விருதுநகரில் இருந்து களைக்கொல்லி வந்தது. முதுகில் டப்பா கட்டிய இரண்டு பேர் முழங்கால் உயரப் புல்லுக்கு மேல் தெளித்துக்கொண்டே போனார்கள். ஒரே நாளில் வேலை முடிந்தது.

முருகம்மாள் திரும்பி வந்தபோது கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் அவளுக்காக ஒரு புது நாற்காலி போட்டிருந்தது.

"இத்தனை வருசம் குனிஞ்சது போதும் முருகம்மா. இனிமே இங்கன உக்காரு. வர்றவங்கட்ட தீப்பெட்டி, பீடி, செல்போனு எதுவும் இருந்தா வாங்கி டப்பாவுல போடு. எரியுற சாமான் எதுவும் இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது. அம்புட்டுத்தான் உன் வேலை."

முதலாளியம்மா அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். அந்தக் கையின் பிரியம் முருகம்மாளுக்குத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருவர் நம்மை உட்காரவைத்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்தாள். நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவள் கிழிக்கவில்லை.

முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. பெண்கள் போகும்போதும் வரும்போதும் கிண்டலடித்தார்கள். காரியாபட்டியில் இருந்து வாக்கப்பட்டு வந்த ராமுத்தாய் பதினாலாம் நம்பர் ரூம்காரி, வாய்த்துடுக்கு அதிகம். தினமும் கேட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கி, "மேனேஜரம்மா, செக் பண்ணிக்கோங்க" என்பாள். முருகம்மாள் அவள் முதுகில் ஒன்று போட்டு உள்ளே அனுப்புவாள்.

இரண்டாவது வாரம் புல் பழுத்தது. மூன்றாவது வாரம் காய்ந்தது.

களைக்கொல்லி களையைக் கொல்லும். பொய் இல்லை. ஆனால் கொன்றதை அது தூக்கிக்கொண்டு போவதில்லை. முருகம்மாள் செதுக்கினால் புல் வேரோடு வந்து, குவிந்து, வண்டியேறி வெளியே போய்விடும். இப்போது அத்தனையும் நின்ற இடத்திலேயே செத்து, முழங்கால் உயரத்துக்கு வைக்கோலாக நின்றது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால், இருபத்திரண்டு ரூமும் வைக்கோலுக்குள் இடுப்பளவு முங்கியது போலத் தெரிந்தது.

பதினோராம் நம்பர் ரூமைச் சுற்றி மட்டும் பச்சை. மருந்து பிரண்டையின் மெழுகுத் தோலில் ஒட்டாமல் வழிந்து ஓடிவிட்டது. கற்றாழை கொஞ்சம் சிவந்தது, மற்றபடி சுகம்.

அதைப் பார்த்ததும் முருகம்மாளுக்கு உள்ளே குளிர்ந்தது. என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்றியது. ஒரு பகல் முழுக்க அந்த நிம்மதியில் இருந்தாள். சாயங்காலம் வேன் கிளம்பும்போது, ராமுத்தாய் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "மேனேஜரம்மா, நாளைக்குப் பாப்பமா?" என்று கத்தினாள். அப்போதுதான் தன் நிம்மதி எப்படிப்பட்டது என்பது முருகம்மாளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. கோரையைப் பார்த்துக் கேட்ட கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

மறுநாள் ராஜபாண்டியனிடம் சொன்னாள். "அண்ணே, அம்புட்டும் காஞ்சு நிக்கி. எடுத்துப்புடணும்."

"செத்த புல்லுதான, காத்துல தானா உதுந்துரும். ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. நீ டப்பாவைப் பாரு."

முதலாளியம்மாவிடம் போனாள். நாலு தடவை போனாள். ஒவ்வொரு தடவையும், "வா முருகம்மா, வெயில்ல வந்திருக்க, மொதல்ல இதைக் குடி" என்று மோர் வந்தது. "நாற்காலி சௌகரியமா இருக்கா? நெஞ்சு எப்படி இருக்கு?" என்ற விசாரிப்பு வந்தது. இதற்கு மேல் எப்படி வாயைத் திறப்பது? நீங்கள் பிரியத்தில் செய்த காரியம் தப்பு என்று எப்படிச் சொல்வது? பழைய வேலை வேண்டும் என்று சுற்றி வளைத்துக் கேட்கிறாள் என நினைத்துவிட்டால்? மகள் அழுது வாங்கிக் கொடுத்ததை அம்மாவே போட்டு உடைப்பதா? நாலு தடவையும் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

பங்குனி கடைசியில் ஒரு காலை. விடியும்போதே காற்று சூடாக இருந்தது. மேற்கே இருந்து அடித்த காற்றில் வைக்கோல் முழுவதும் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து சரசரத்தது. முருகம்மாள் எழுந்து போய் ஒரு கைப்பிடி பிடுங்கினாள். இழுப்பதற்கு முன்பே கையோடு வந்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். தூளாகப் போயிற்று.

ஏழு மணிக்கு வேன்கள் வந்தன. எழுபது பெண்களும் பத்துப் பதினைந்து ஆண்களும் இறங்கி வரிசை கட்டினார்கள். முன்னால் ராமுத்தாய். இரண்டு கையையும் தூக்கி நின்றாள்.

"மேனேஜரம்மா, செக்."

முருகம்மாள் அவளைப் பார்த்தாள். பிறகு திரும்பி, கேட்டைச் சாத்தி, சங்கிலியைப் போட்டுப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டுக்கு முன்னால் நின்றாள். 

"யாரும் உள்ள போக வேண்டாம்."

முதலில் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "என்ன அத்த, ஒடம்புக்கு முடியலியா?" என்றாள் ராமுத்தாய். பின்னால் இருந்த ஒருத்தி, "இன்னைக்குக் கூலி போச்சுன்னா யாரு தருவா?" என்று சத்தம் போட்டாள். ரோஜா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எம்மா, என்ன செய்ற? சாவியக் குடு. எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும்."

ராஜபாண்டியன் உள்ளே இருந்து ஓடிவந்து கேட்டை உலுக்கினான். "ஒனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? தொற!"

"அண்ணே, எரியுற சாமான் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லித்தான் என்னைய இங்கன உக்கார வச்சீக. எரியுற சாமான் ஆளுககிட்ட போகக் கூடாதுன்னா, ஆளுக எரியுற சாமான்கிட்ட போகலாமா? பதினெட்டு ஏக்கருக்கும் அதுதான் கெடக்கு. நான் தொறக்க மாட்டேன். வேணும்னா வேலையை விட்டு நிறுத்திக்கோங்க."

பதிமூன்று வருஷத்தில் அவள் இவ்வளவு நீளமாக மனிதர்களிடம் பேசி யாரும் கேட்டதில்லை. செடிகள் மட்டுமே கேட்டிருக்கும்.

ராஜபாண்டியன் ஆபீஸுக்கு ஓடிப்போய்ப் போன் போட்டான். கால் மணியில் கார் வந்தது. ஞானசுந்தரியம்மா இறங்கினார். கூட்டம் வழிவிட்டது.   முருகம்மாள் கேட்டுக் கம்பிகளுக்கிடையே கையை விட்டு ஒரு கொத்து வைக்கோலைப் பிடுங்கி, முதலாளியம்மாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடித் தேய்த்துவிட்டாள்.

ஞானசுந்தரியம்மா தன் கையில் இருந்த தூளைப் பார்த்தார். பட்டாசுத் தொழிலிலேயே பிறந்து அதிலேயே வாக்கப்பட்டவர். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"தெனமும் காருக்குள்ள இருந்தே பாத்துட்டுப் போயிருக்கேன்" என்றார் மெதுவாக. "ஏன் முருகம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நாலு தடவ வந்தேன்மா. நீக மோர் குடுத்தீக."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ராஜபாண்டியன் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கு எந்த ரூமும் தொறக்கக் கூடாது. புல்லெடுக்க இருக்கிறவங்க இருங்க, எல்லாருக்கும் முழுக் கூலி. முருகம்மா சொல்றபடி செய்ங்க."

அன்று எண்பது பேர் வைக்கோல் பிடுங்கினார்கள். ரூம்களில் சரக்கு இருந்ததால் இரும்பைத் தொடவிடவில்லை முருகம்மாள். எல்லாம் கையால்தான். திரி பின்னும் விரல்களும் மருந்து செலுத்தும் விரல்களும் கீறல் விழக் கீறல் விழ இழுத்தன. அவள் ஒவ்வொரு ரூமாகப் போய், எங்கிருந்து தொடங்க வேண்டும், எப்படிச் சுருட்டிக் கட்டினால் விதை கொட்டாது என்று காட்டினாள். ஞானசுந்தரியம்மா குடையைப் பிடித்துக்கொண்டு அவள் கூடவே நடந்தார். இனிமேல் களைக்கொல்லி வேண்டாம், குனிவதற்கு இரண்டு ஆள் போடுகிறேன், நீ கூட நின்று சொன்னால் போதும் என்றார். முருகம்மாள் தலையாட்டினாள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ரோஜா பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது.

"எம்மா, ஒன்னைய வெயில்ல விடாதீகன்னு முதலாளியம்மாகிட்ட நான்தான் கேட்டேன்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நாற்காலியப் பாத்தப்பவே."

"அப்ப ஏன் என்னைய ஏசல?"

"நீ பயந்துட்ட. நானும் பயந்தவதான" என்றாள் முருகம்மாள். மகளின் விரல்களைத் தன் மடியில் வைத்து ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பாதி நிலம் மொட்டையாகிவிட்டது. மொட்டை நிலத்தின் நடுவே பதினோராம் நம்பர் ரூமின் பச்சை வளையம் பளிச்சென்று எடுப்பாகத் தெரிந்தது. இத்தனை நாள் அதைத் துவையலுக்கு வைத்த பிரண்டை என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ராமுத்தாய் தலைச்சுமையை இறக்கிவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று அதைப் பார்த்தாள். நாலு பக்கமும் திரும்பி மற்ற ரூம்களையும் பார்த்தாள்.

"ஏ அத்த, இது என்ன, இந்த ஒரு ரூமுக்கு மட்டும் மாலை போட்டாப்புல இருக்கு? மருந்தடிச்சும் சாகலியே."

முருகம்மாள் துவையல் கதையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. முதலாளியம்மா நிற்கிறார், ரோஜா நிற்கிறாள், பத்துப் பேர் நிற்கிறார்கள்.

"அது தீ தாண்டாது. நான்தான் வச்சேன்" என்றாள். "எம் மக உள்ள இருக்கா. அதான்."

 ரோஜாவின் முகம் கன்றிவிட்டது. நாலு வருஷமாகத் தன்னைச் சுற்றி வளர்ந்தது என்ன என்று அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. மற்ற பெண்களைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். ராமுத்தாய்க்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்குக் கோபம் வரவில்லை. எப்போதும் போலச் சிரித்தாள்.

"அதான பாத்தேன். எங்க ரூமுக்கு வைக்க எங்காத்தா வரணும். அவ செத்துப் பதினாறு வருசமாச்சே, எங்கிட்டு வர?" என்று சொல்லிவிட்டுச் சும்மாட்டைத் தலையில் வைத்து, கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். விளையாட்டாகச் சொன்னதால்தான் முருகம்மாளால் தாங்க முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். பதினோராம் நம்பர் ரூமுக்குப் போய்ப் பிரண்டையைக் கணுக்கணுவாக ஒடித்தாள். அரிப்பெடுக்கும் சாறு முழங்கை வரை வழிந்தது. துடைக்கவில்லை. அடர்த்தியாய் இருந்த பக்கத்தில் இருந்தெல்லாம் ஒடித்து முந்தானையை நிரப்பினாள். கற்றாழைக் கன்றுகளைத் தாய்ச் செடிகளில் இருந்து பிரித்தெடுத்தாள். மகளின் ரூமைச் சுற்றிய வளையம் அங்கங்கே மெலிந்து, மண் தெரிந்தது. ரோஜா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவளும் குனிந்து, அம்மா விட்டுவைத்த இடத்தில் இன்னும் இரண்டு கன்றைப் பெயர்த்தாள்.

முருகம்மாள் நேரே பதினாலாம் நம்பர் ரூமுக்குப் போனாள். சுவரை விட்டுப் பத்தடி காலால் அளந்து, முதல் கணுவை ஊன்றி, குதிகாலால் மண்ணை அமுக்கினாள். வேன் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். வேனில் ஏறிவிட்ட ராமுத்தாய் ஜன்னலில் இருந்து அதைப் பார்த்தாள். இறங்கி வந்தாள். முருகம்மாளுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, அவள் முந்தானையில் இருந்து ஒரு பிரண்டைத் துண்டை எடுத்தாள்.

"எந்தப் பக்கம் கீழ, ஆத்தா?" என்று கேட்டாள்.

"கணு மண்ணுக்குள்ள இருக்கணும்" என்றாள் முருகம்மாள்.